படிப்பும் பந்தும்: ஒரு வேல்ஸ் வீரரின் வரலாறு

மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையே 16 மைல் தூரமே உண்டு. அக்கண்டி மாநகரிலேதான் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1906ஆம் ஆண்டில் றகர் ஆட்டத்தில் முதன்முதலாக மோதின. ஆகவே, இவ்விளையாட்டு நம்மவர்க்குப் புதியதன்று. எனினும், மகன் றகர் ஆட விரும்புகின்றான் என்றதும், "எலும்பு முறிந்தால் என்னாவது? படிப்புக் கெட்டால் யார் பொறுப்பு?" என நம்மை வினவும் பெற்றோர் பலர். அவர்தம் கவலை நியாயமானதே. அதற்கு விடையாக வேல்ஸ் நாட்டு வீரர் கென் ஜோன்ஸின் வரலாற்றைக் கூற விழைகின்றோம்.

இரும்புக்கும் நிலக்கரிக்கும் பேர்போன பிளேனாவன் என்னும் ஊரில் 1921இல் பிறந்தவர் ஜோன்ஸ். கற்றுத் தேறி ஆசிரியரானார். நியூபோர்ட் கழகத்தில் ஆடிய அவர், 1947 முதல் 1957 வரை வேல்ஸ் நாட்டுக்காக 44 முறை களமிறங்கினார். அந்நாளில் அவ்வாட்டத்திற்கு ஊதியம் கிடையாது. 1995இலேதான் அத்தடை நீங்கிற்று. எனவே புகழைத் தந்தது ஆட்டம். சோற்றைத் தந்தது படிப்பு.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், பிரித்தானிய அஞ்சலோட்ட அணியின் இறுதி ஓட்டத்தை ஓடியவரும் இவரே. முதலில் வந்த அமெரிக்கர் கோலை மாற்றியதில் தவறு கண்ட நடுவர்கள், பொற்பதக்கத்தைப் பிரித்தானியர்க்கு அளித்தனர். பின்னர் படச்சுருளைப் பார்த்தபோது அமெரிக்கர்மீது தவறில்லை எனத் தெளிவாயிற்று. கைக்கு வந்த பொன் போய் வெள்ளியே எஞ்சியது. அதனால் ஜோன்ஸ் சோர்ந்துவிடவில்லை.

1950இல் பிரித்தானிய 'சிங்கங்கள்' அணியில் இடம்பெற்று நியூசிலாந்து சென்றார். அவ்வணி தாயகம் திரும்பும் வழியில் கொழும்பில் இலங்கை அணியை 44-6 என வென்றது. இலங்கைக்காக அன்று ஆடியோருள் தமிழரான ஓட்டவீரர் நவரத்தினமும் ஒருவர் என்பது நமக்குப் பெருமையே.

1953 டிசம்பரில் கார்டிவ் நகரில் நியூசிலாந்தை வேல்ஸ் 13-8 என வீழ்த்தியது. கிளெம் தோமஸ் குறுக்கே உதைத்த பந்தைப் பற்றி, எல்லைக்கோட்டுக்கப்பால் ஊன்றி, வெற்றியைத் தேடித் தந்தவர் ஜோன்ஸ். ஓய்வுபெற்ற பின் பத்திரிகையில் விளையாட்டு விமரிசனம் எழுதினார். 2006இல், 84ஆம் வயதில் காலமானார்.

பெற்றோர்களே! பயிற்சி பெற்ற ஆசிரியரின் கண்காணிப்பில் பிள்ளைகளை ஆடவிடுங்கள். தலையில் அடிபட்டால், வைத்தியர் இசையும்வரை மீண்டும் களமிறங்க விடாதீர்கள். பாடநேரத்தைப் பந்து விழுங்காதிருக்கவும் கவனியுங்கள். இவை மூன்றும் அமையுமாயின், மைதானமும் ஒரு வகுப்பறையே. கிட்டிய பொன் கைநழுவினும் மனந்தளராது மறுபடியும் ஓடக் கற்பிக்கும் பாடம், புத்தகத்தில் மட்டும் கிடைப்பதன்று.