எந்தக் குரல் மறுபடி ஒலிக்கிறது?

பழைய இசைத்தட்டுகளின் மறுவெளியீடும் மதுரை வட்டார நாடகப் பாட்டும்

ஓர் ஊரின் இசை ரசனையை அங்கே பாடப்பட்ட பாட்டுகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. பாடப்பட்டவற்றில் எவை தட்டில் பதிவாயின, பதிவானவற்றில் எவை உடையாமல் தப்பின, தப்பியவற்றில் எவை பிற்காலத்தில் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் மீண்டும் கடைக்கு வந்தன என்ற மூன்று சல்லடைகளிலும் சலித்து எஞ்சியதையே அடுத்த தலைமுறை 'பழைய பாட்டு' என்று அறிகிறது. முதல் இரண்டு சல்லடைகளைக் காலமும் கம்பெனியும் பிடித்திருந்தன. மூன்றாவதாகிய மறுவெளியீடு இன்னும் நம் கையில் இருக்கிறது. மதுரையையும் அதற்குத் தெற்கே அமைந்த திருமங்கலத்தையும் சூழ்ந்த சமவெளி, ஸ்பெஷல் நாடகம் செழித்து வளர்ந்த நிலம். அந்நிலத்தின் குரல்கள் இச்சல்லடைகளில் என்ன ஆயின என்று பார்ப்பது, பழம்பதிவுகளைச் சேகரிப்போருக்கும் கேட்போருக்கும் பயன்தரும்.

மூன்று நிமிடத்துக்குள் ஒரு கச்சேரி

இந்தியாவில் வணிக முறையிலான ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டு தொடங்கியது. லண்டன் கிராமபோன் கம்பெனி அனுப்பிய ஃப்ரெட் கைஸ்பர்க், அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் குரலைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் வந்த தட்டுகள், 1908 முதல் கல்கத்தாவிலேயே அச்சாயின. அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கை முதன்மையான பிணைப்புப் பொருளாகக் கொண்டு, கல்தூளும் கரியும் கலந்து செய்யப்பட்ட இத்தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும் இதைத்தான் ஊரார் 'பிளேட்டு' என்றனர்.

1925ஆம் ஆண்டில் மின்வழிப் பதிவு வரும்வரை ஒலிவாங்கி கிடையாது. பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் உரத்துப் பாட, அந்த அதிர்வு நேராக மெழுகில் கோடாகக் கீறப்பட்டது. மேடையில் மணிக்கணக்கில் விரிந்த ஆலாபனையும், ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க நீண்ட நாடகப் பாட்டும் மூன்று நிமிடத்துக்குள் சுருங்க வேண்டியிருந்தது. தட்டில் கேட்பது அக்காலப் பாட்டின் சுருக்கம் என்பதை மறந்துவிட்டு, முன்னோர்கள் இவ்வளவுதான் பாடினார்கள் என்று எண்ணுவது பெரும் பிழை.

நாடகக் கொட்டகையிலிருந்து தட்டுக்கு

தூத்துக்குடியில் பிறந்து மதுரையைக் களமாக்கிக்கொண்ட சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களே ஸ்பெஷல் நாடகத்தின் அடித்தளம். கம்பெனி நாடகத்தில் ஒரே குழுவினர் ஒத்திகை பார்த்து நடிப்பார்கள்; ஸ்பெஷல் நாடகத்திலோ ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் ஆகியோர் தனித்தனியே அமர்த்தப்பட்டு, அன்றிரவு மேடையிலேயே ஒருவரை ஒருவர் சந்தித்துப் பாட்டாலும் தர்க்கத்தாலும் நாடகத்தை விடியும்வரை கொண்டுசெல்வார்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும் குரலே நடிகரின் முதல் தகுதியாக இருந்தது.

செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா அத்தகைய குரலின் உச்சம். 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதில் அவர் மறைந்தபோது தமிழ் பேசும்படம் தோன்றி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே அவர் கலையில் இன்று காதால் கேட்கக்கூடியது எல்லாம் அரக்குத் தட்டில் மிஞ்சியது மட்டுமே. அவரோடு மேடையில் இணைந்து, வாழ்விலும் இணைந்த கே.பி. சுந்தராம்பாள் (1908–1980), நாடகப் பாட்டுகளுடன் தேசியப் பாட்டுகளையும் தட்டுகளில் பாடினார். 1931இல் மோதிலால் நேரு மறைந்தபோது அந்தத் துயரம் அவர் குரலில் ஊர்தோறும் சென்றது.

இக்குரல்களுக்குச் சொல் தந்தவர்களில் தலையாயவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டெழுதிய இவருடைய தேசியப் பாடல்கள் மேடை, தட்டு, பாட்டுப் புத்தகம் என மூன்று வழியிலும் பரவின. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விஸ்வநாததாஸ், ஆங்கிலேயரை வெள்ளைக் கொக்காக உருவகித்த பாட்டை மேடைதோறும் பாடிப் பலமுறை சிறை சென்றார்; 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் நீத்தார். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் உண்டு. ஆனால் இன்றைய தலைமுறை அவரை அச்சு வழியாகவும் பெரியோர் நினைவு வழியாகவும் அறிகிறதே அன்றி, காது வழியாக அறியவில்லை.

தட்டு வணிகத்திலும் தென்தமிழகத்தாரின் பங்கு பெரிது. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் 1930களில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரையில் தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது, பின்னாளின் ஏ.வி.எம். ஸ்டூடியோவுக்கு வித்து அங்கேதான் விழுந்தது. முழு நாடகத்தைப் பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து ஒரே பெட்டியில் விற்ற 'டிராமா செட்'டுகள், நாடகக் கொட்டகையை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தன.

ஜாஸ் காட்டிய வழி

பழந்தட்டுகளைத் தேடிச் சேர்த்து மறுபடி வெளியிடுவதை ஒரு துறையாகவே வளர்த்தவர்கள் ஜாஸ் ரசிகர்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ், தாளக்கட்டுக்குள் நின்றபடி அந்தந்த நொடியில் கற்பனையால் விரித்து வாசிக்கும் இசை. அவ்வகையில் நம் கற்பனைஸ்வரத்துக்கு உறவுடையது. எழுதிவைத்த இசைக்குறிப்பில் அடங்காத கலையாதலால், பதிவான தட்டு ஒவ்வொன்றும் அதற்கு மூல ஏடாயிற்று. 1936இல் பிரெஞ்சுக்காரரான சார்ல் தெலோனே, எந்தத் தட்டில் எந்த நாளில் யார் யார் வாசித்தனர் என்று தொகுத்து ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். 1940இல் கொலம்பியா கம்பெனிக்காக ஜார்ஜ் அவாகியன் என்னும் இளைஞர், லூயி ஆம்ஸ்ட்ராங் 1920களில் வாசித்துக் கடையிலிருந்து மறைந்துபோன தட்டுகளைத் தொகுத்து மறுவெளியீடு செய்தார். பழைய ஜாஸைத் தேடிய ஆர்வலர்கள், லூசியானாவின் சிற்றூர் ஒன்றில் மறக்கப்பட்டுக் கிடந்த எக்காளக் கலைஞர் பங்க் ஜான்சனைக் கண்டுபிடித்து, 1942இல் முதன்முறையாகப் பதிவு செய்தனர். பழைய பாணியே உயர்ந்தது என்போரும் புதிய பாணியே வளர்ச்சி என்போரும் அக்காலத்தில் கடுமையாக வாதிட்டதற்கும், அவ்வாதம் வெறும் பிடிவாதமாக முடியாமல் ஆய்வாக வளர்ந்ததற்கும் காரணம் ஒன்றே: இரு தரப்பாரும் ஒரே தட்டை, ஒரே விவரங்களோடு கேட்க முடிந்தது.

அவ்வகைப் பணி இந்தியாவிலும் நடந்திருக்கிறது. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைச் சார்ந்தோர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 'யங் இந்தியா', ஓடியன் முத்திரைத் தட்டுகளை எண்ணிம வடிவுக்கு மாற்றினர். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் தனியொருவராகத் திரட்டிய பல்லாயிரம் தட்டுகள் ஓர் அரும்பெரும் செல்வம். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய பழைய நூல்களும் இதழ்களும் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகமாக நிலைபெற்றுள்ளன.

ஒரே பாட்டு, இரண்டு சுருதி

ரசனையை ஒப்பிடுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது, தாங்கள் கேட்ட பிரதிகள் ஒன்றா என்பதை. '78' என்று சொன்னாலும் பழங்காலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவான மூன்று நிமிடப் பாட்டை 78 சுற்றில் ஓடவிட்டால் சுமார் ஒன்பது நொடி முன்னதாக முடிவதோடு, சுருதியும் ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துவிடும். கிட்டப்பாவின் குரல் உண்மையிலேயே அந்த உச்சத்தில் நின்றதா, தட்டை மாற்றிப் பதிந்தவரின் இயந்திரம் விரைந்ததா என்ற ஐயம் எழும்போது, இரு ரசிகர்கள் ஆளுக்கொரு பிரதியைக் கேட்டுவிட்டு வாதிடுவதில் பொருளில்லை.

இதைத் தீர்க்க வழிகள் உண்டு. ஆர்மோனியத்தின் கட்டைகள் நிலையான சுருதி உடையவை. பின்னணி ஆர்மோனியம் இரண்டு கட்டைகளுக்கு இடையில் தொங்குவதுபோல் ஒலித்தால் வேகம் தவறியிருக்கலாம் என்று ஊகிக்கலாம். தொடக்ககாலத் தட்டுகளின் முடிவில் பாடியவரே தம் பெயரைச் சொல்லும் வழக்கம் இருந்தது. அந்தப் பேச்சுக்குரல் இயல்பாக ஒலிக்கும் வேகமே பெரும்பாலும் சரியான வேகம்.

தூய்மைப்படுத்துதல் இன்னொரு சிக்கல். கீறலின் இரைச்சலைக் கணினியால் துடைக்கும்போது, அதே அலைவரிசையில் நிற்கும் வல்லின எழுத்துகளின் கூர்மை, பாடகர் இழுக்கும் மூச்சு, ஆர்மோனியத் துருத்தியின் காற்று ஆகியவையும் சேர்ந்து போய்விடுகின்றன. சொல்லை அழுத்தி உச்சரிப்பதே உயிரான நாடகப் பாட்டுக்கு இது கர்நாடக இசைக்கு ஆவதைவிடப் பெரிய இழப்பு. இரைச்சலோடு கேட்க விரும்புவோரும் துடைத்ததைக் கேட்க விரும்புவோரும் இருக்கவே செய்வர். இருவருக்கும் உதவும் நேர்மையான வழி, துடைக்காத பிரதி ஒன்றை எப்போதும் காத்துவைப்பதே.

காதுகள் வேறுபடும் இடம்

1912இல் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாஜ், கோயம்புத்தூர் தாயி பாடிய தட்டைக் கேட்டு வியந்து, அதைத் தழுவி 'ராகமாலிகா' என்னும் படைப்பை அமைத்தார். மத்தள ஒலிக்காகப் பியானோவின் ஒரு தந்தியின் அதிர்வை அடக்கியும் வைத்தார். தேவதாசி மரபில் வந்த ஒரு பாடகியின் மூன்று நிமிடப் பதிவு பாரிஸ் நகரத்து இசையை அசைத்தது. தமிழ் ரசிகர்களில் பலர் அவர் பெயரையே பிற்காலத்தில்தான் அறிந்தனர். ஒரு குரலின் மதிப்பு பாடியவரிடம் மட்டும் இல்லை, அது யார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டு மறுவெளியீடுகளின் போக்கு இதை மெய்ப்பிக்கிறது. மதுரையில் 1916இல் பிறந்து, பத்து வயதளவில் முதல் தட்டில் பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமியின் பதிவுகள் ஒவ்வொரு புதிய வடிவிலும் திரும்பத் திரும்ப வந்தன. தியாகராஜ பாகவதரின் படப்பாட்டுகளும் அப்படியே. 2017இல் சந்தைக்கு வந்த, ஆயிரக்கணக்கான பாட்டுகளை உள்ளடக்கிய 'காரவான்' பெட்டி, முதியோர் உள்ள வீடுகளில் மறுவெளியீட்டைத் திண்ணைப் பொருளாகவே ஆக்கிற்று. இவற்றில் கர்நாடக இசையும் திரைப்பாட்டும் நிறைந்திருக்க, இரண்டுக்கும் பாலமாக நின்ற நாடகப் பாட்டு மெலிந்து போயிற்று. சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்த டி.ஆர். மகாலிங்கத்தின் எடுப்பான குரலை ரசிப்போர் பலர், அது கிட்டப்பா வழியில் வந்த குரல் என்பதை ஒப்பிட்டுக் காண வாய்ப்பற்றவர்கள். பாட்டன் குரல் கிடைக்காத இடத்தில் பேரனின் குரல் தனிப் பிறவியாகத் தோன்றும்.

ஆகவே இக்கட்டுரையின் முடிவு இது: நாடகப் பாட்டு ரசனை குன்றியதால் அதன் தட்டுகள் மறுவெளியீடு பெறவில்லை என்பது தலைகீழான விளக்கம், மறுவெளியீடு பெறாததே ரசனை குன்றியதற்குப் பெருங்காரணம்.

செய்ய வேண்டியவை

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகளில் முடிகிறது. 1930களின் தட்டுகள் அனைத்தும் அந்த எல்லையைக் கடந்தவை. பாட்டெழுதியவரின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பாஸ்கரதாஸ் எழுத்துக்கு அதுவும் முடிந்துவிட்டது. தேவைப்படுவது தட்டுகளும் விவரங்களுமே.

அவை பழைய மைக்செட்காரர் வீட்டுப் பரணிலும், நாடகக் கலைஞர் குடும்பத்து மரப்பெட்டியிலும் இன்னும் இருக்கலாம். வைத்திருப்போர் அவற்றைப் படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால் அதைக் கொண்டு துடைக்கவே கூடாது. பழைய கிராமபோனின் எஃகு முள்ளில் ஓட்டிப் பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த முள் தட்டைச் சிறிது தேய்த்தே எடுக்கும். லேபிளில் உள்ள பெயர்களோடு, அதை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் அச்சு எண்ணையும் ஒரு தாளில் எழுதிவைத்தால், பதிவான காலத்தை ஆய்வாளர்கள் அதிலிருந்து கணிக்க இயலும்.

பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போடும் முன் ஒவ்வொருவரும் அந்தத் தட்டின் லேபிளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஆவணக் காப்பகத்துக்கோ பொறுப்பான சேகரிப்பாளருக்கோ ஒரு பிரதி எடுக்கக் கொடுக்கட்டும். மூன்றாவது சல்லடையின் கண்ணை அகலமாக்குவது நம்மால் முடியும். உடைந்துபோன தட்டை ஒட்டவைப்பது யாராலும் முடியாது.