பூட்டுப் படம் இருந்தால் அந்த வெப்சைட்டை நம்பலாமா?

"அதான் பூட்டு போட்டிருக்கே, அப்புறம் என்ன பயம்?" பிரவுசரில் பூட்டுப் படத்தைப் பார்த்ததும் பலர் நினைப்பது இதைத்தான். இந்தத் தவறான நம்பிக்கையால்தான் 2023 செப்டம்பரில் கூகுள் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

பூட்டு என்ன செய்கிறது?

போனில் நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டு, வைஃபை ரவுட்டர், இணைய சேவை நிறுவனம் எனப் பல கை மாறித்தான் வங்கி சர்வருக்குப் போகிறது. நடுவில் யார் எடுத்துப் பார்த்தாலும் புரியாதபடி அதை மாற்றி அனுப்புவதே என்க்ரிப்ஷன்.

மாற்றியதைப் படிக்க மறுமுனைக்குச் சாவி வேண்டுமே? ஒட்டுக்கேட்க வாய்ப்புள்ள அதே பாதையில் சாவியை எப்படி அனுப்புவது? 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் இதற்கு வழி சொன்னார்கள். இரு தரப்பும் தலா ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்ளும். அதிலிருந்து கணக்கிட்ட வேறொரு எண்ணை மட்டும் பரிமாறிக்கொள்ளும். அதைக் கொண்டு இரண்டு பக்கமும் ஒரே சாவியை உருவாக்கிவிடும். சாவி பயணம் செய்வதே இல்லை!

பூட்டு எதைச் சொல்லாது?

மறுமுனையில் இருப்பது யார் என்பதற்கு டிஜிட்டல் சான்றிதழ் இருக்கிறது. ஆனால், சாதாரண சான்றிதழ் உறுதி செய்வது 'இந்த முகவரி இவர் கையில் இருக்கிறது' என்பதை மட்டுமே. அவர் நல்லவரா, கெட்டவரா என்று அது பார்ப்பதில்லை.

'லெட்ஸ் என்க்ரிப்ட்' போன்ற அமைப்புகள் இதை இலவசமாகவே தருகின்றன. சின்னக் கடைக்காரரின் தளமும் பாதுகாப்பாக இயங்க இது பெரிய உதவி. அதே வசதி மோசடிக்காரருக்கும் கிடைக்கிறது. போலித் தளத்தில் நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டு, வழியில் யார் கண்ணிலும் படாமல் பத்திரமாகத் திருடனிடமே போய்ச் சேரும்.

என்ன செய்யலாம்?

* முகவரியை முழுதாகப் படியுங்கள். 'உங்கள்பேங்க்.காம்.எக்ஸாம்பிள்.நெட்' என்றிருந்தால் அது வங்கியின் தளம் அல்ல. கடைசியில் வரும் 'எக்ஸாம்பிள்.நெட்'தான் உண்மையான பெயர்.

* எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் லிங்க் வழியாக வங்கிக் கணக்கில் நுழையாதீர்கள். வங்கியின் ஆப்பைத் திறங்கள்.

* பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துங்கள். வழக்கமாகத் தானே நிரப்பும் அது, ஒரு தளத்தில் சும்மா இருந்தால் உஷாராகுங்கள். முகவரி மாறியிருக்கலாம்.

* பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உடனே சொன்னால்தான் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.