வீட்டில் நின்று வீட்டைத் தேடுவோர்

மாங்காட்டில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது, எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டியையும் காண்பதுண்டு. பொழுது சாய்ந்தால் அவர் பையுடன் வாயிற்படிக்கு வந்துவிடுவார். "சாமி, அவரு தேடுவாரு, நான் வீட்டுக்குப் போகணும்" என்பார். அவர் நிற்பதோ தமது சொந்த வீட்டில். கணவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. ஒருநாள் அவ்வுண்மையை எடுத்துரைத்தேன். அன்றுதான் சாவுச் செய்தி கேட்டவர்போல் மார்பில் அறைந்துகொண்டு அழுதார். மறையுரை ஆற்றப் பயின்ற எனக்கு மௌனம் காக்கத் தெரியவில்லை.

ஊதியத்திற்கு வந்த பணிப்பெண்ணின் நிலையும் அதுவே. படுக்கைப்புண் வராமல் புரட்டவும், சர்க்கரை அளவு பார்க்கவும் அப்பெண் கற்றிருந்தார். மாலை ஐந்து மணிக்கு என்ன செய்வதென எவரும் கற்பிக்கவில்லை. கதவைத் தாழிட்டார், கடிபட்டார். மூன்று மாதங்களில் மூவர் மாறினர். மகனோ வேலையை விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்கலானார்.

1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் விவரித்த நோய், மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது. 2023-இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுற்றோர் என மதிப்பிட்டது. இத்தனை பேருக்கும் இல்லங்கள் கட்டி முடியுமோ? வீடே மருத்துவமனையாக வேண்டியுள்ளது.

இதற்குப் பெரும் படிப்பு வேண்டுமென அஞ்சற்க. கோவாவின் பார்தேஸ் வட்டத்தில் 81 குடும்பங்களிடையே நடந்து, 2008-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். உள்ளூர் மொழி அறிந்த சாதாரணப் பணியாளருக்கு ஒரு வாரம் தீவிரப் பயிற்சி; நடித்துக்காட்டிக் கற்றனர். பின்னர் ஆறு மாதங்கள், பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் வீடு தேடிச் சென்றனர். மனநல மருத்துவர் மேற்பார்வையிட்டார். நோய் குணமாகவில்லை, ஆனால் பராமரிப்போரின் மனச்சுமை குறைந்தது.

பயிற்சியில் கற்க வேண்டியவை எளியவை, கடைப்பிடிப்பதே அரிது. எதிர்த்து வாதிடலாகாது. முன்புறமாக வந்து, ஒரு வேளையில் ஒன்றே சொல்ல வேண்டும். இருள் கவியுமுன் விளக்கேற்ற வேண்டும். சினத்தின் பின்னே வலியோ, மலச்சிக்கலோ, சிறுநீர் அவசரமோ உண்டா எனத் தேட வேண்டும். திடீரெனக் குழப்பம் மிகுந்தால் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். பணியாளருக்கு வார விடுமுறையும் நியாயமான கூலியும் தராமல் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது அநீதி. இதை நம் பங்குக் குடும்பங்களுக்கே சொல்கிறேன்.

கேரளத்தில் 1992-இல் தோன்றிய அல்சைமர் சங்கம் இத்தகு பயிற்சிக்கு வழிகாட்டியது. நமக்கு அருகில், அண்ணாநகரின் ஸ்கார்ஃப் நிறுவனமும் மறதிநோய்ப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ளது.

அம்மூதாட்டியின் வீட்டிற்கு இப்போது பயிற்சி பெற்ற வேறொரு பெண் வருகிறார். ஐந்து மணிக்கு, "வாங்கம்மா, போகலாம்" என்று பையைத் தாமே வாங்கிக்கொள்கிறார். இருவரும் தெருமுனைவரை நடக்கின்றனர். திரும்பி வந்ததும், "வீடு வந்துடுச்சு" என்று மூதாட்டியே செருப்பைக் கழற்றுகிறார்.