கடல் தாண்டி வரும் காணிக்கை பணம் நம்ம ஊர் இல்லத்துக்கு வந்து சேருவது எப்படி? நின்னு போனா பிள்ளைங்க கதி என்ன?

சென்னை:

ஒரு சின்ன கணக்கு. ஊருக்கு வெளியே ஒரு பிள்ளைகள் இல்லம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதில் 40 பிள்ளைங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால் தினம் 16 கிலோ. மாசத்துக்கு 480 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டையில் 19 மூட்டைக்கு மேல!

இது வெறும் அரிசி மட்டும்தான். பருப்பு, எண்ணெய், கேஸ், கரண்ட் பில், ஸ்கூல் பீஸ், திடீர்னு ஒரு புள்ளைக்கு காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி செலவு எல்லாம் தனி.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பல இல்லங்களுக்கு இதில் ஒரு பங்கு மத அடிப்படையில் இயங்கும் அறக்கட்டளைகளிடம் இருந்து வருகிறது. எங்கோ ஒரு நாட்டில் சர்ச் உண்டியலில் விழுந்த காசு, நம்ம ஊர் பிள்ளையின் தட்டில் சோறாக வந்து விழுகிறது. நடுவில் அது தாண்டி வரும் படிகள் கொஞ்சநஞ்சம் அல்ல. இதுபற்றிய விவரம் வருமாறு:-

உண்டியலில் தொடங்கும் பயணம்

ஜெர்மனியில் 'மிசரியோர்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அந்த நாட்டு கத்தோலிக்க ஆயர்கள் 1958-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனி சர்ச்சுகளில் விழும் காணிக்கை இதற்குப் போகிறது. ஜெர்மனி அரசும் இதன் திட்டங்களுக்கு பணம் கொடுக்கிறது. அடுத்த ஆண்டே, 1959-ல், புராட்டஸ்டண்ட் சபைகள் சேர்ந்து 'உலகுக்கு அப்பம்' என்ற பொருளில் பெயர் வைத்து இன்னொரு அமைப்பை தொடங்கின.

அமெரிக்காவில் ஓட்டல் அதிபர் கான்ராட் ஹில்டன் 1944-ல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். 1979-ல் அவர் இறந்தபோது சொத்தில் பெரும் பகுதி அதற்கே போனது. கன்னியாஸ்திரிகள் செய்யும் சேவைக்கு உதவ வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்தார்.

இந்த அறக்கட்டளைக்கும் நம்ம மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு, 2010-ல் ஹில்டன் மனிதநேய விருது கிடைத்தது. பரிசு 15 லட்சம் டாலர்!

ஆனால் எல்லோருக்கும் இப்படி மொத்தமாக பரிசு விழாது. சின்ன இல்லங்களுக்கு வருவது 'திட்ட நிதி'தான்.

கேட்டதும் கொடுப்பார்களா?

மாட்டார்கள். முதலில் இல்லத்துக்காரர் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். எத்தனை பேருக்கு உதவி, என்ன உதவி, எத்தனை வருஷம், பைசா கணக்கோடு பட்ஜெட் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அது பிடித்திருந்தால் அறக்கட்டளை ஆளை அனுப்பி நேரில் பார்க்கும். பழைய ஆடிட் கணக்கை கேட்கும். அதன் பிறகு ஒப்பந்தம். பெரும்பாலும் பணம் ஒரே தடவையில் வராது. தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்கு கணக்கு காட்டினால்தான் அடுத்த தவணை.

இன்னொரு முக்கியமான விஷயம். படிப்புக்கு வந்த பணத்தில் கூரை போடக்கூடாது. கிணறு வெட்ட வந்த பணத்தில் அரிசி வாங்கக்கூடாது. அதனால்தான் பல இல்லங்களில் பேங்கில் பணம் இருக்கும், ஆனால் மளிகைக்கடைக்காரருக்கு பாக்கி நிக்கும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது புரியாது.

மத வழியில் வரும் பணத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. முஸ்லிம்கள் கொடுக்கும் ஜகாத் பணத்தையே எடுத்துக் கொள்வோம். சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை. அது யார் யாருக்கு போய்ச் சேரலாம் என்று 8 வகையினரை குர்ஆனே சொல்லி இருக்கிறது. அதனால் ஜகாத் வாங்கும் அமைப்புகள் அதை மற்ற நன்கொடையோடு கலக்காமல் தனிக் கணக்காக வைப்பது வழக்கம்.

டெல்லி வழியாகத்தான் வரணும்!

வெளிநாட்டில் இருந்து ஒரு ரூபாய் வாங்குவதாக இருந்தாலும் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி கட்டாயம். எப்.சி.ஆர்.ஏ. என்று சொல்லப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை சட்டம்தான் காரணம். 1976-ல் முதலில் வந்தது. 2010-ல் புதுச் சட்டம் போட்டார்கள். 2020-ல் அதை இன்னும் இறுக்கினார்கள்.

பதிவு கேட்கும் அமைப்பு குறைந்தது 3 ஆண்டு இயங்கி இருக்க வேண்டும். அந்த 3 ஆண்டில் ரூ.15 லட்சமாவது சேவைக்கு செலவு செய்திருக்க வேண்டும். நிர்வாகிகள் ஆதார் அல்லது இந்திய பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் 5 ஆண்டுக்குத்தான். அப்புறம் மறுபடியும் புதுப்பிக்க வேண்டும்.

பதிவு இல்லாத அமைப்புக்கு இன்னொரு வழி 'முன் அனுமதி'. இன்ன அறக்கட்டளை, இன்ன வேலைக்கு, இவ்வளவு பணம் தருகிறது என்று கடிதம் காட்டி, அந்த ஒரு தொகைக்கு மட்டும் அனுமதி வாங்குவது.

பணம் எந்த பேங்குக்கு வரும் தெரியுமா? திருநெல்வேலி இல்லமாக இருந்தாலும் சரி, தர்மபுரி இல்லமாக இருந்தாலும் சரி, டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில்தான் முதலில் வந்து விழும். 2020 திருத்தத்துக்குப் பிறகு எல்லோருக்கும் இதே விதிதான். அங்கிருந்து சொந்த ஊர் பேங்க் கணக்குக்கு மாற்றி செலவு செய்யலாம். உள்ளூர் நன்கொடையை அந்தக் கணக்கில் கலக்கவே கூடாது.

ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள், முந்தைய நிதியாண்டுக்கான கணக்கை ஆடிட்டர் சான்றோடு தாக்கல் செய்ய வேண்டும். பணமே வராவிட்டாலும் 'வரவில்லை' என்று கணக்கு காட்டியே ஆக வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

சின்ன அமைப்புகளுக்கு விழுந்த அடி

முன்பெல்லாம் நகரத்தில் உள்ள ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டு பணத்தை வாங்கும். அதை கிராமத்தில் உள்ள பத்து, இருபது சின்ன அமைப்புகளுக்கு பிரித்துக் கொடுக்கும். சின்ன அமைப்புகளுக்கு இங்கிலீஷில் திட்டம் எழுதத் தெரியாது. ஜெர்மனியில் யாரையும் தெரியாது. பெரிய அமைப்புதான் பாலம்.

2020 திருத்தம் அந்தப் பாலத்தை எடுத்து விட்டது. வெளிநாட்டு பணத்தை வாங்கிய அமைப்பு, அதை இன்னொரு அமைப்புக்கு கை மாற்றக்கூடாது. தானே நேரில் இறங்கி செலவு செய்யலாம். அவ்வளவுதான்.

நிர்வாக செலவிலும் கை வைத்தார்கள். முன்பு வந்த பணத்தில் பாதி வரை நிர்வாகத்துக்கு செலவு செய்யலாம். இப்போது 20 சதவீதம்தான். ரூ.10 லட்சம் வந்தால் ஆபீஸ் வாடகை, கணக்கர் சம்பளம், ஆடிட்டர் பீஸ், வண்டிச் செலவு எல்லாம் ரூ.2 லட்சத்துக்குள் முடிய வேண்டும். பாடம் நடத்தும் டீச்சர் சம்பளம், ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம் போன்றவை இந்தக் கணக்கில் சேராது என்பது ஒரு ஆறுதல்.

பணம் தப்பான வழியில் போகாமல் தடுக்கவும், யார் செலவு செய்தார்கள் என்று தெளிவாக தெரியவும்தான் இந்த விதிகள் என்பது மத்திய அரசின் வாதம். இதை எதிர்த்து சில அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு போயின. 2022 ஏப்ரல் 8-ந்தேதி கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. திருத்தங்கள் பெரும்பாலும் செல்லும் என்று கூறி விட்டது.

திடீர்னு நின்னு போனா?

நின்ன கதை நம்ம சென்னையோடும் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் 'கம்பேஷன் இன்டர்நேஷனல்' என்று ஒரு கிறிஸ்தவ அமைப்பு. வெளிநாட்டில் உள்ள ஒருவர் மாசா மாசம் பணம் கட்டி, இங்குள்ள ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்பு, சாப்பாடு, மருத்துவத்தை ஏற்றுக்கொள்ளும் திட்டம் அது. இந்தியாவில் 1968-ல் இருந்து வேலை செய்தது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் இருந்த இரண்டு கூட்டாளி அமைப்புகள் வழியாக பணம், உள்ளூர் சபைகள் நடத்தும் மையங்களுக்கு போனது.

பணம் மதமாற்றத்துக்கு பயன்படுகிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது. அந்த அமைப்பு அதை மறுத்தது. 2016-ல் அதன் பணத்தை உள்துறை அனுமதி இல்லாமல் பேங்குகள் விடக்கூடாது என்ற நிலை வந்தது. பணம் வராமல், 2017 மார்ச் மாதம் இந்தியாவில் கடையை கட்டியது.

அப்போது அந்த திட்டத்தில் இருந்த பிள்ளைகள் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர்!

யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்பு என்ற வாக்குவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாயங்காலம் மையத்துக்கு போய் டியூஷன் படித்து, சாப்பிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு நின்று போனது. அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டு நிறுத்தவில்லை.

அன்னை தெரசா 1950-ல் தொடங்கிய 'மிஷனரீஸ் ஆப் சேரிட்டி' அமைப்புக்கும் 2021 டிசம்பர் 25-ந்தேதி, கிறிஸ்துமஸ் அன்றே, பதிவை புதுப்பிக்க மறுத்தார்கள். பாதகமான தகவல்கள் வந்ததாக உள்துறை கூறியது. 2022 ஜனவரி முதல் வாரத்தில் பதிவு திரும்ப கிடைத்தது. உலகமே அறிந்த அமைப்பு என்பதால் விஷயம் நாடு முழுக்க பேசப்பட்டது. பேர் தெரியாத இல்லத்துக்கு இது நடந்தால் பக்கத்து தெருவுக்குக்கூட தெரியாது.

பதிவை தற்காலிகமாக நிறுத்தி வைத்தால், கணக்கில் மீதி இருக்கும் வெளிநாட்டு பணத்தில் கால் பங்கை மட்டும், அதுவும் அரசு அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும். பதிவு ரத்தே ஆகி விட்டால், அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தும் அரசு நியமிக்கும் அதிகாரியின் கைக்கு போய்விடும்.

அரசு மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. திட்டக் காலம் முடிந்தால் பணம் நிக்கும். அறக்கட்டளை 'இனிமேல் ஆப்பிரிக்காவுக்குத்தான்' என்று முடிவு செய்தால் நிக்கும். கணக்கு சரியாக அனுப்பாமல் இல்லத்துக்காரரே கோட்டை விட்டாலும் நிக்கும்.

வழி என்ன?

ஒத்தைக் காலில் நிற்கும் இல்லம்தான் முதலில் விழுகிறது. பாதிப் பணம் வெளிநாடு, பாதி உள்ளூர் என்று வைத்திருந்தால் ஒன்று நின்றாலும் உலை எரியும்.

உள்ளூரில் கம்பெனிகள் இருக்கின்றன. 2013 கம்பெனி சட்டப்படி, ஆண்டுக்கு ரூ.5 கோடி அல்லது அதற்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனி, சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூக சேவைக்கு செலவு செய்ய வேண்டும். அந்தப் பணத்தை வாங்கவும் 2021 ஏப்ரல் முதல் தனிப் பதிவு கட்டாயம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்ம ஊர் ஆட்கள் தாராளமாக உதவலாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் கனடா, லண்டன் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவர் நம்ம மாமன் மச்சானாக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். இது தெரியாமல் பணத்தை வாங்கிப் போட்டு மாட்டிக்கொள்ளும் ஆபத்து சின்ன இல்லங்களுக்குத்தான் அதிகம்.

பணம் கொடுக்கும் முன் பாருங்க!

பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று இல்லத்துக்கு சாப்பாடு போடும் பழக்கம் நம்மிடம் நிறையவே உண்டு. கொடுக்கும்போது சில விஷயங்களை கவனிப்பது நல்லது.

* பிள்ளைகள் இல்லம் என்றால் சிறார் நீதிச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். தப்பே இல்லை. நல்ல இல்லம் சான்றிதழை சுவரில் மாட்டி வைத்திருக்கும்.

* எவ்வளவு கொடுத்தாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

* 'எங்களுக்கு வெளிநாட்டு பணம் வருது' என்று சொன்னால், எந்த வேலைக்கு வருகிறது, எதற்கு பற்றாக்குறை என்று கேளுங்கள். கட்டிடத்துக்கு பணம் இருக்கும், காய்கறிக்கு இருக்காது. உங்கள் 500 ரூபாய் அங்கேதான் தேவைப்படும்.

* இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது கஷ்டம் என்று தெரிந்தால் 1098-க்கு போன் போடுங்கள். முதியோர் என்றால் 14567.

எந்த சாமி பேரைச் சொல்லி வந்த பணமாக இருந்தாலும், கடைசியில் அது வேகுவது ஒரே அடுப்பில்தான். டெல்லியில் பைல் நகர்கிறதோ இல்லையோ, ஜெர்மனியில் கமிட்டி கூடுகிறதோ இல்லையோ, ராத்திரி 8 மணிக்கு அந்த 40 தட்டும் வரிசையில் வந்து நிக்கும். அந்த வேளைக்கு அடுப்பு எரிய, பக்கத்துத் தெருக்காரர் கொடுக்கும் ஒரு மூட்டை அரிசியும் வேண்டும்.