ஒளி பட்டால் விழிக்கும் மருந்து

புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு ஒரு பெரிய தர்மசங்கடம் உண்டு. கெட்ட உயிரணுவைக் கொல்லும் விஷம், நல்ல உயிரணுவையும் விட்டுவைப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையிலுள்ள கோட்டைப்பட்டினத்தைப் போன்ற ஊர்களிலிருந்து இந்த நோய்க்குச் சிகிச்சை தேடித் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் போய்த் திரும்பியவர்களின் குடும்பத்தாரைக் கேட்டால் தெரியும். தலைமயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், சோறு என்ற பெயரைக் கேட்டாலே குமட்டுவதும் நோயின் குணங்கள் மட்டும் அல்ல, மருந்தின் குணங்களுமாகும்.

நோய் உள்ள இடத்தில் மட்டும் விஷமாகவும், மற்ற இடங்களிலெல்லாம் சாதுவாகவும் இருக்கக்கூடிய மருந்து ஒன்று கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ரஸாயன சாஸ்திரிகள் பல ஆண்டுகளாக அத்தகைய மருந்தைத் தேடி வருகிறார்கள். அது உடம்புக்குள் போய் உறங்கிக் கிடக்கும். வைத்தியர் எந்த இடத்தில் ஒளியைப் பாய்ச்சுகிறாரோ, அந்த இடத்தில் மட்டும் விழித்தெழுந்து வேலை செய்யும்.

பழைய செய்தி

மருந்தையும் ஒளியையும் சேர்த்து வைத்தியம் செய்வது நமக்குப் புதிதன்று. தோலில் வெண்புள்ளி கண்டவர்களுக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயில் காயச் சொல்வது நம் நாட்டுப் பழைய வழக்கம். அவ்விதையிலுள்ள ஸோரலென் என்ற பொருளே ஒளியினால் தூண்டப்படுகிறது என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது.

புற்றுநோய் விஷயத்தில் இந்த வழி ஜெர்மனியில் திறந்தது. மியூனிச் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், நீரில் வாழும் நுண்ணுயிர்களை அக்ரிடின் என்ற சாயத்தில் இட்டுப் பார்த்தார். ஒரு சமயம் அவை விரைவில் இறந்தன. வேறொரு சமயம் வெகுநேரம் பிழைத்திருந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் அறையிலிருந்த வெளிச்சமே என்று கண்டு, 1900-ம் ஆண்டில் அதை வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் டாப்பைனர் 1903-ல் இயோஸின் என்ற சாயத்தைத் தோல் புற்றின்மேல் பூசி ஒளி பாய்ச்சிச் சோதித்தார். இவ்வழியில் வந்த போட்டோஃப்ரின் என்ற மருந்தை 1993-ல் கானடாவும், 1995-ல் அமெரிக்காவும் அங்கீகரித்தன. ஆனால் அதிலும் ஒரு தொல்லை இருந்தது. அம்மருந்து தோலில் வெகுநாள் தங்கிவிடும். சிகிச்சை பெற்றவர் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும்.

உலோகம் எதற்கு?

உலோகத்தினாலும் புற்றுநோயை அடக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையின் பார்னெட் ரோஸன்பர்க். நுண்ணுயிர்களின்மேல் மின்சாரம் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனவர், அவை பிரிந்து பெருகாமல் நூல்போல் நீண்டு வளர்வதைக் கண்டார். காரணம் மின்சாரம் அல்ல. மின்முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினமே காரணம் என்று தெரிந்தது. 1965-ல் வெளியான இந்தச் செய்தியிலிருந்து பிறந்ததுதான் ஸிஸ்பிளாட்டின். 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்து எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது. சிறுநீரகத்தையும் செவியையும் அது தாக்குவதும் உண்மை. வீரியம் மிக்க ஆயுதந்தான். ஆனால் உறையில் இடமுடியாத வாள்.

அந்த வாளுக்கு உறை செய்வதே இப்போதைய முயற்சி. ஒரு சாயப்பொருள் ஒளியை விழுங்கியதும், மாடிக்குத் தாவியவனைப்போல் உயர்ந்த சக்தி நிலைக்குப் போகிறது. சாதாரணச் சாயம் மறுகணமே கீழே விழுந்துவிடும்; ஏதும் செய்ய நேரமிராது. அத்துடன் ருதீனியம், பல்லேடியம், பிளாட்டினம் போன்ற கனத்த உலோகம் சேர்ந்திருந்தால், மாடிப்படியின் நடுவே ஒரு திண்ணை கட்டினாற் போலாகும். சாயம் அத்திண்ணையில் சிறிது தங்குகிறது. அதற்குள் தன் சக்தியை அருகிலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுத்து, அதை உக்கிரமுள்ளதாக மாற்றிவிடுகிறது. உக்கிரமடைந்த பிராணவாயு தொட்டதை எரிக்கும். ஆனால் ஓர் உயிரணுவின் அகலத்தைக் கடப்பதற்கு முன்பே அடங்கிவிடும். ஆகவே ஒளி படாத பக்கத்து உறுப்புக்கு அதனால் கேடில்லை.

பிராணவாயு குறைந்த புற்றுக்கட்டியின் உட்புறத்தில் இந்த உபாயம் நன்கு பலிப்பதில்லை. அதற்காக இங்கிலாந்தில் வார்விக் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் ஸாட்லர் குழுவினர், ஒளி பட்டதும் தாமாகவே பிளந்து விஷத்தை வெளிவிடும் பிளாட்டினக் கூட்டுப்பொருள்களை அமைத்தார்கள்.

எந்த நிறத்து ஒளி?

கடலில் இறங்கிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஆழம் செல்லச் செல்ல முதலில் மறைவது சிவப்பு நிறம். எஞ்சி நிற்பது நீலம். ஆனால் மாமிசத்தில் நடப்பது இதற்கு நேர் மாறு. இரத்தமும் சதையும் நீல ஒளியை மேலோடு விழுங்கிவிடுகின்றன. சிவப்பு ஒளியே உள்ளே போகிறது. உள்ளங்கையால் டார்ச் விளக்கை மூடிப் பார்த்தால் விரல்கள் செக்கச்செவேலென்று தெரிவது இதனால்தான். அச்சிவப்பு ஒளியும் பயன்படும் அளவில் செல்வது அரை அங்குலத்துக்குள்ளேதான். ஆதலின், சிவப்பையும் அதற்கு அப்பாற்பட்ட கிரணங்களையும் பருகக்கூடிய உலோகக் கூட்டுப்பொருளை அமைப்பது முக்கியமான வேலையாகிறது.

இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சிக் கழகத்தார் இதில் ஒரு வெற்றி கண்டார்கள். ஒளியை உண்டு வாழும் சில நுண்ணுயிர்களில் இலைப் பச்சையத்துக்கு உறவான நிறப்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் நடுவிலுள்ள மக்னீசியத்தை எடுத்துவிட்டுப் பல்லேடியத்தை வைத்தார்கள். இவ்வழியில் பிறந்த டூகாட் என்ற மருந்து 753 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியால் விழிக்கிறது. சில மணி நேரத்தில் உடம்பைவிட்டு நீங்கிவிடுகிறது. ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் சுரப்பிப் புற்றின் ஆரம்ப நிலைக்கு 2017-ல் ஐரோப்பிய யூனியன் அதை அனுமதித்தது. அதே ஆண்டில் கானடாவில், ஷெர்ரி மக்ஃபார்லண்ட் அம்மையார் அமைத்த ருதீனிய மருந்து, சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்படலாயிற்று.

நமது ஆராய்ச்சிசாலைகள்

இத்துறையில் நம் தேசம் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அகில் ரஞ்சன் சக்ரவர்த்தியும் அவருடைய மாணவர்களும் இரும்பு, தாமிரம், வனேடியம், கோபால்ட், பிளாட்டினம் ஆகிய உலோகங்களைக் கொண்டு ஒளியால் விழிக்கும் கூட்டுப்பொருள்கள் பலவற்றை ஆக்கினார்கள். அவற்றுட் சிலவற்றில் அவர்கள் சேர்த்த பொருள், நம் வீட்டு மஞ்சளிலுள்ள குர்குமின்! தனியே விட்டால் குர்குமின் உடம்பின் நீரில் விரைவில் சிதைந்துவிடும். உலோகத்துடன் பிணைத்தால் நிலைத்து நிற்கும். கோபால்ட்டுடன் பிணைத்தது ஒளி பட்டதும் கட்டவிழ்ந்து வெளிப்படும். நமக்கு அருகே திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மல்லையன் பழனியாண்டவர், உயிரணுவின் மரபுப் பொருளைத் தாமிரக் கூட்டுப்பொருள்கள் எவ்வாறு பற்றி அறுக்கின்றன என்று ஆராய்ந்தவர்.

இதைப் படித்துவிட்டு, மஞ்சளைத் தின்று வெயிலில் நின்றால் புற்று போய்விடும் என்று எவரும் எண்ணலாகாது. மேற்சொன்னவை கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களிடம் கண்ட பலன்கள். அங்கிருந்து பிராணிகளுக்கும், பிறகு மனிதருக்கும் வர வேண்டிய வழி நீண்டது, செலவு மிக்கது. உடம்பெங்கும் பரவிவிட்ட நோயை ஓரிடத்து ஒளியால் தீர்க்கவும் இயலாது.

ஒளி எளிதில் எட்டும் இடங்களுள் ஒன்று வாய். நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணும் புற்றுநோய்களில் முன்னிற்பதும் வாய்ப்புற்றுதான். புகையிலையும் பாக்கும் அதற்கு முக்கிய காரணங்கள். இரவெல்லாம் விழித்துத் தொழில் செய்வோர் இவற்றை அடக்கிக்கொள்வது கடற்கரையில் சகஜம். ஆகவே ஒளி மருந்து ஒருநாள் மலிவாகக் கிடைக்குமானால், அதனால் பெரும்பயன் பெறுவோர் நம்மவர்களே. ஆராய்ச்சிசாலையில் செய்ததை ஆஸ்பத்திரி வரை கொண்டு சேர்ப்பதற்கு ஸர்க்காரும் செல்வர்களும் பொருள் உதவ வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

அவ்வாறு கொண்டு சேர்க்க முடியாது என்பாருக்கு மறுமொழி இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார், தம் சகோதரி புற்றுநோயால் மாண்டதைக் கண்டு மனம் நொந்து, பல்லாண்டு பாடுபட்டு 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அப்போது இருந்தவை 12 படுக்கைகளே.

புதிய மருந்து வரும்போது வரட்டும். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ படரும் திட்டு, வாயைத் திறக்க வருத்தம் இவற்றைக் கண்டால், நாட்டு மருந்தில் நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் போய்க் காட்டுவது வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கடமையுமாகும். ஆரம்பத்தில் கண்ட வாய்ப்புற்றை இன்றுள்ள சிகிச்சையினாலேயே பெரும்பாலும் தீர்த்துவிடலாம்.