வாலட் பாஸ்வேர்டு மறந்துபோச்சா? பதற்றப்படாமல் இதைப் படியுங்கள்!

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறையில் 2011-ல் அலுவலகம் திறந்தது ஜோஹோ. குற்றாலத்துக்குச் சாரலில் நனையப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். இந்த நிறுவனத்தின் தயாரிப்புகளில் ஒன்று, ‘ஜோஹோ வால்ட்’. நம் பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைக்கும் டிஜிட்டல் பெட்டகம். அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. மறந்துவிட்டால் அவர்களாலும் எடுத்துச் சொல்ல முடியாது.

கிரிப்டோ வாலட்டும் அப்படித்தான். வங்கி மேனேஜர் மாதிரி யாரும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் வசித்த புரோகிராமர் ஸ்டீஃபன் தாமஸின் 7,002 பிட்காயின்களுக்கான சாவி ஒரு பென்டிரைவில் இருந்தது. 10 முறை தவறாகப் போட்டால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021 ஜனவரி நிலவரப்படி, அவர் எட்டு வாய்ப்புகளை இழந்திருந்தார்!

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்யலாம்?

* காயின் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் இருந்தால் கவலை வேண்டாம். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தி, இ-மெயில், கே.ஒய்.சி மூலம் மாற்றிக்கொள்ளலாம்.

* சொந்த வாலட் என்றால், தொடங்கும்போது அது கொடுத்த 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளைத் தேடுங்கள். பழைய டைரி, பீரோ எதையும் விடாதீர்கள். அவை கிடைத்தால் பழைய பாஸ்வேர்டே தேவையில்லை. ஆப்பைப் புதிதாக நிறுவி, வார்த்தைகளை அதே வரிசையில் டைப் செய்து, புது பாஸ்வேர்டு வைக்கலாம்.

* வார்த்தைகள் கிடைக்கவில்லையா? ஆப்பை நீக்காதீர்கள், போனை ஃபார்மேட் செய்யாதீர்கள். வழக்கமாக வைக்கும் பெயர், தேதி, குறியீடுகளைத் தாளில் எழுதுங்கள். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. வாலட் ஃபைலின் நகலில் மட்டும், உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே முயலுங்கள்.

* வார்த்தைகளும் இல்லை, ஃபைலும் இல்லை என்றால், அந்தக் காசை மறந்துவிட வேண்டியதுதான்.

‘மீட்டுத் தருகிறோம்’ என்று டெலிகிராமில் வருபவர்களிடம் உஷார். 12 வார்த்தைகளைக் கேட்பவர், உங்கள் பீரோ சாவியைக் கேட்கும் திருடர். ஏமாந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொத்து என்றால் பத்திரமாக வைக்க வேண்டுமே! அந்த வார்த்தைகளை போட்டோ எடுக்காமல், தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வைத்த இடம், வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.