குக்கர் ஆற 24 மணி நேரம்

ஐம்பது பேருக்குச் சமைக்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னால் என்ன சமையல் என்று கேட்க மாட்டார். "பந்தி எத்தனை மணிக்குடி?" என்பார். அது தெரிந்தால் போதும். சோறு எப்போது வடிய வேண்டும், குழம்பு எப்போது இறங்க வேண்டும், முந்தின ராத்திரி கொண்டைக்கடலையை எத்தனை மணிக்கு ஊறப்போட வேண்டும் என்று பின்னாலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்.

மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கி, படகிலேயே சாப்பிட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை கடலுக்குள் இறங்கும் 'லிவ்அபோர்ட்' பயணத்தையும் இப்படித்தான் திட்டமிட வேண்டும். எல்லாரும் படகைத் தேடுவதில் ஆரம்பிப்பார்கள். நான் சொல்வது: திரும்பி வரும் விமான டிக்கெட்டில் ஆரம்பியுங்கள். பட்டுத் தெரிந்துகொண்டது இது. முதல் பயணத்தில், விலை குறைவாக இருக்கிறதே என்று கடைசி நாள் ராத்திரி விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அன்று காலை மற்றவர்கள் இரண்டு முறை இறங்கி, சுறா பார்த்த கதையோடு ஏறி வந்தார்கள். நான் மேல்தளத்தில் உட்கார்ந்து அவர்களுடைய துண்டுகளுக்குக் காவல் இருந்தேன்.

ஏன் இறங்கக் கூடாது? விடை அடுப்பின் மேலேயே இருக்கிறது.

வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடலில் 10 மீட்டர் இறங்கினாலும் உடம்பின் மேல் அதே இரண்டு மடங்குதான். 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் அது சும்மா வந்து சும்மா போகிற விருந்தாளி. அழுத்தம் கூடினால் அது ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து உட்கார்ந்துவிடும். கரைவதில் ஆபத்து இல்லை. வெளியே வருகிற வேகத்தில்தான் ஆபத்து. சூடாக இருக்கும் குக்கரின் வெயிட்டைச் சட்டென்று தூக்கினால் சாம்பார் நுரைத்து உத்தரம் வரை அடிக்கிறதே, அதுபோல அவசரமாக மேலே வருகிறவரின் உடம்புக்குள் நைட்ரஜன் குமிழ் குமிழாகப் பொங்கும். மூட்டுவலியில் தொடங்கி, முதுகுத்தண்டில் போய் அடைத்தால் கால் விளங்காமல் போவது வரைக்கும் கொண்டுபோய் விடும். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருகிறார்கள். அடுப்பைச் சிம்மில் வைப்பது மாதிரி.

ஆனால் குக்கர் உவமை பாதிதான் சொல்கிறது. எவ்வளவு நைட்ரஜன், எங்கே, எவ்வளவு நேரத்துக்கு என்பதை ஊறப்போட்ட பருப்புதான் விளக்கும். பாசிப்பருப்பு அரைமணியில் ஊறிவிடும். உளுந்துக்கு இரண்டு மூன்று மணி வேண்டும். கொண்டைக்கடலைக்கு ராத்திரி முழுக்க. உடம்பிலும் அப்படித்தான். ரத்தமும் மூளையும் பாசிப்பருப்பு. மூட்டும் கொழுப்பும் கொண்டைக்கடலை. சீக்கிரம் ஊறுவது சீக்கிரம் காயும், மெல்ல ஊறுவது மெல்லத்தான் காயும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, அழுத்த அறைக்குள் ஆடுகளை விட்டுச் சோதித்து, 1908-இல் இந்தக் கணக்கை முதன்முதலில் அட்டவணையாகப் போட்டார். உடம்பை ஐந்து வகைப் 'பருப்பாக'ப் பிரித்தார். வேகமானது பாதி ஊற 5 நிமிடம், மந்தமானது பாதி ஊற 75 நிமிடம். பின்னால் சூரிச்சில் ஆல்பர்ட் புயல்மான் அதைப் பதினாறு வகையாக்கினார். அதில் கடைசி வகை பாதி ஊறவே 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரம். இன்று மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கணக்குதான்.

இப்போது ஒரு நாளைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு முதல் டைவ். பருப்பெல்லாம் உலர்ந்திருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணைப்படி, முதல் டைவில் 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம்; 30 மீட்டர் என்றால் 20 நிமிடம்தான். பதினொரு மணிக்கு மறுபடி இறங்கும்போது உளுந்து இன்னும் ஈரம், அதனால் நேரம் குறையும். மூன்று மணிக்கு இன்னும் குறையும். நடுவில் மேலே இருக்கும் இடைவேளை ஓய்வுக்கு மட்டும் இல்லை. ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் நடுவில் இலை எடுக்கிற நேரம் அது. அதைக் குறைத்தால் அடுத்த பந்தி குழம்பும். நான்காம் நாளுக்குள் கொண்டைக்கடலையும் நன்றாக ஊறியிருக்கும். அன்றைக்கு ஒரு டைவை நான் வேண்டுமென்றே விட்டுவிடுவேன். அந்த மதியத் தூக்கத்துக்கு ஈடாக ஒரு சுறாவையும் சொல்ல மாட்டேன்.

இனி விமானத்துக்கு வருவோம். பறக்கும்போது விமானத்துக்குள் அழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற அளவுக்குக்கூடக் குறையலாம். ஊட்டி 2,240 மீட்டர். குக்கர் இல்லாமல் அங்கே அரிசி வேக எவ்வளவு அடம்பிடிக்கும் என்பது மலைவாசிகளுக்குத் தெரியும். காரணம் அதே குறைந்த அழுத்தம். ஒரு வாரம் ஊறிய உடம்பை நேரே அங்கே தூக்கிக்கொண்டு போவது, ஆறாத குக்கரைத் திறப்பதுதான். பல நாள் பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது, டைவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டல். படகுக்காரர்கள் 24 என்பார்கள். நானும் 24 தான்.

ஆக, பந்தி நேரம் கிடைத்துவிட்டது. விமானத்திலிருந்து 24 மணி நேரம் பின்னால் வாருங்கள், அதுதான் கடைசி டைவ். மற்றதெல்லாம் அதற்கு முன்னால்.

எந்த மாதம், எந்தப் பக்கம்

மாலத்தீவு என்பது வடக்கு தெற்காக 870 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் 1,190-ஐ ஒட்டிய தீவுகள். அவை 26 பவள வளையங்களாக அமைந்திருக்கின்றன. 'அட்டால்' என்ற உலகச் சொல்லே இவர்களுடைய திவேஹி மொழியில் இருந்து போனதுதான். ஓர் அட்டாலை மேலிருந்து பார்த்தால் ஓரமெல்லாம் கடித்து வைத்த மெதுவடை. நடுவில் ஆழம் குறைந்த காயல், சுற்றிலும் பவள விளிம்பு. கடிபட்ட இடங்கள்தான் 'கண்டு' என்கிற வாய்க்கால்கள். உள்ளே நீருக்கடியில் குன்றாக நிற்பவை 'திலா'.

இந்த வளையம் பருவக்காற்றில் காபி ஃபில்டராக வேலை செய்கிறது. ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. அதன் போக்கில் நீரோட்டம் கிழக்கு வாய்க்கால்கள் வழியே உள்ளே நுழையும். அது ஆழ்கடல் தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிவு. உள்ளே காயலில் மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளிக்கொண்டு மேற்குப் பக்கம் கலங்கலாக வெளியேறும். மேலே ஊற்றுவது வெந்நீர், கீழே இறங்குவது டிகாஷன். மாண்டா திருக்கைகள் டிகாஷன் பக்கம் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சுறாக்கள் தெளிந்த தண்ணீர் நுழையும் கிழக்கு வாசலில் அணிவகுக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. ஃபில்டரைத் திருப்பி வைத்த மாதிரி எல்லாம் பக்கம் மாறும். பா அட்டாலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டாக்கள் கூட்டம் கூட்டமாக இரை தின்ன வருவது இந்தக் காலத்தில்தான். ஆனால் அங்கே சிலிண்டரோடு இறங்கக் கூடாது, மேலே மிதந்து பார்க்க மட்டும் அனுமதி.

எனவே 'எந்தப் படகு நல்ல படகு' என்று கேட்பதைவிட, 'நான் போகும் மாதத்தில் இந்தப் படகு அட்டாலின் எந்தப் பக்கம் போகும்' என்று கேட்பது உருப்படியான கேள்வி. பிப்ரவரியில் வாவு அட்டாலின் கிழக்கு வாய்க்கால்களும் ஆரி அட்டாலின் மேற்குக் கரையும் ஒரே பயணத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டலாம். ஆரியின் தென்கோடியில் திமிங்கலச் சுறா எந்த மாதமும் வரலாம். வராமலும் போகலாம்.

அமுக்கி அளந்த மாவு

சிலிண்டர் கணக்கு புரியாதவர்களுக்கு அரிசி மாவைக் காட்டுவேன். ஒரே டம்ளர்தான். தூவி நிரப்பினால் ஒரு அளவு, அமுக்கி நிரப்பினால் அதைவிடக் கூடுதல். நுரையீரல்தான் டம்ளர். 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் நான்கு மடங்கு அமுக்கி அளந்த மூச்சு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அந்த ஆழத்தில் 80 லிட்டர் இழுப்பார். கடைசி 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் மிஞ்சுவது 22 நிமிடம். பதற்றப்பட்டு மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை.

மேலே வரும்போது இதே கணக்கு திரும்பி ஓடும். 10 மீட்டரில் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால், உள்ளே உள்ள காற்று மேலே வருவதற்குள் இரட்டிப்பாகும். எண்ணெயில் பூரி உப்புவது போல நுரையீரல் உப்பும். ஓட்டை விழுந்த பூரி உப்பாது. விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்த ஓட்டை.

படகுகளில் நைட்ராக்ஸ் கிடைக்கும். ஆக்சிஜனை 32 சதவீதமாகக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த காற்று அது. பாகில் சர்க்கரையைக் குறைத்தால் ஜாமூனில் ஏறும் இனிப்பும் குறைகிற மாதிரி. 30 மீட்டரில் 20 நிமிடம் என்பது ஏறத்தாழ 30 ஆகும். ஆனால் ஆழம் கூடினால் ஆக்சிஜனே நஞ்சு. 32 சதவீதக் கலவையோடு 34 மீட்டரைத் தாண்டக் கூடாது. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்குச் சட்டப்படி எல்லையே 30 மீட்டர் என்பதால் இந்தக் கலவை அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. ஒரு வாரம் தொடர்ந்து இறங்கப் போகிறவர்கள் நைட்ராக்ஸ் பயிற்சியை ஊரிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. ஒவ்வொரு சிலிண்டரையும் இறங்கும் முன் நீங்களேதான் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பரிமாறும் முன் உப்புப் பார்க்கும் வேலையை இன்னொருவரிடம் விடலாமா?

புழக்கடை அடுப்பு

கல்யாண வீட்டில் பெரிய அடுப்பைக் கூடத்தில் மூட்ட மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். தூங்கிச் சாப்பிடும் பெரிய படகுக்குப் பின்னாலேயே சின்னப் படகு ஒன்று வரும். அதன் பெயர் 'தோனி'. நம் தோணியேதான். கம்ப்ரசரின் இரைச்சல், ஈர உடுப்பின் வாடை, சிலிண்டர்களின் கடகடப்பு எல்லாம் அங்கே. முதல் நாள் உங்களுக்கென்று ஓர் இடம் தருவார்கள். ஜாக்கெட்டையும், மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரையும் சிலிண்டரில் மாட்டி வைத்தால் வாரம் முழுக்க அவிழ்க்க வேண்டியதில்லை. சிலிண்டர் இருந்த இடத்திலேயே இருக்கும், குழாய்தான் ஒவ்வொன்றாகத் தேடி வரும். நிரம்பிய சிலிண்டரை உடனே தொட்டுப் பார்த்தால் கதகதப்பாக இருக்கும். அப்போது மானி 210 காட்டினால் மகிழாதீர்கள். ஆறியபின் 200-க்கு இறங்கும். பொங்கிய பால் அடுப்பை அணைத்ததும் அடங்குவது போலத்தான்.

வாய்க்காலில் இறங்கும் டைவுக்குத் தோனி நங்கூரம் போடாது. பெல் அடித்ததும் எல்லாரும் ஒன்றாகக் குதித்து, மேலே மிதக்காமல் நேரே கீழே போக வேண்டும்; ஐந்து நொடி தயங்கினால் நீரோட்டம் இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். பாறை விளிம்பில் உயிரற்ற இடம் பார்த்துக் கொக்கியை மாட்டி, கயிற்றில் பட்டம் போல ஆடிக்கொண்டு நிற்போம். முகக்கண்ணாடி காற்றில் ஜன்னல் அதிர்கிற மாதிரி அதிரும். எதிரே சாம்பல் நிறச் சுறாக்கள் அதே நீரோட்டத்தில் துடுப்பு அசைக்காமல் நிற்கும். நாம் மட்டும்தான் அங்கே சிரமப்படுகிறோம் என்பது அப்போது தெரியும். பிறகு கொக்கியை எடுத்துவிட்டு ஓட்டத்தோடு போய், ஆரஞ்சு நிற மிதவைப் பையை மேலே விட்டால், தோனி தேடி வந்து ஏற்றிக்கொள்ளும்.

இதற்காகத்தான் பல படகுகள் அட்வான்ஸ்டு சான்றிதழும் ஐம்பது டைவ் வரை அனுபவமும் கேட்கின்றன. கேட்காத படகைவிடக் கேட்கிற படகு மேல். அனுபவம் போதாதென்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள், மீன் எங்கும் போகாது. மற்றவை சில்லறை: டைவிங் காப்பீடு, டாக்டர் சான்று, வாந்தி மாத்திரை, படகின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறை. விலைப்பட்டியலில் வராத நைட்ராக்ஸ், வரி, டிப்ஸ் எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். மதுப்புட்டி கொண்டு போனால் மாலே விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

போன பயணத்தில் டிக்கெட்டை ஒழுங்காகப் போட்டிருந்தேன். கடைசி டைவ் முடிந்த மறுநாள் காலை, தோனியில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. சமையல்காரர் சூரை மீனைத் தேங்காய், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து, ரொட்டியோடு மாஸ் ஹுனி கொடுத்தார். எலுமிச்சை கொஞ்சம் தூக்கல், நன்றாக இருந்தது. பிறகு மாலே சந்தைக்குப் போய் அத்தைக்கு மாசிக் கருவாடு வாங்கினேன். கல் மாதிரி இருந்தது. கடைக்காரர் அதை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது என் டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். விமானப் படத்தின் மேல் குறுக்குக்கோடு; பக்கத்தில் இன்னும் 2 மணி நேரம் என்று காட்டியது.